காயலான் கடைக்குப் போகும் விமானங்கள்: பழைய ஃபிட்டரிடம் கேள்விகள்

விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பழுதுபார்ப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கான்பெரா குண்டுவீச்சு விமானம், மிக்-21 போர் விமானம் இரண்டிலும் வேலை பார்த்தேன். இப்போது ஜாகை கடலூர் மஞ்சக்குப்பம். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்ததை டிவியில் பார்த்தாலும் பார்த்தார்கள், அன்றிலிருந்து இங்கேயும் புதுச்சேரிப் பக்கமும் ஆளாளுக்குக் கேள்வி கேட்கிறார்கள். ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். வானத்தில் நடந்த கதை வேண்டுமென்றால் பைலட்டைப் பிடியுங்கள். நான் தரையில் நின்றவன்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர், கல்லூரி மாணவர்): சார், அமெரிக்காவில் பாலைவனத்தில் போர் விமானங்களை வரிசை வரிசையாக நிறுத்தியிருக்கும் படம் பார்த்தேன். ஏன் வெட்டவெளியில் போட்டிருக்கிறார்கள்? நம்மிடம் அப்படி இடம் உண்டா?

பதில்: அரிசோனாவில் டூசான் நகரத்தை ஒட்டிய டேவிஸ்-மாந்தன் விமானப்படைத் தளம் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 1946ல் ஆரம்பித்தார்கள். சுமார் 2,600 ஏக்கர். அங்கே மழை வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 30 செ.மீ.தான் தேறும். நமக்கு ஐப்பசி கார்த்திகையிலேயே அதைவிட அதிகமாகக் கொட்டும். காற்றில் ஈரம் இல்லை, மண்ணும் பாறை மாதிரி கெட்டி. கான்கிரீட் போடாமலே விமானத்தை நிறுத்தலாம், சக்கரம் புதையாது.

ஆனால் சும்மா கொண்டுபோய்ப் போட்டதாக நினைக்காதே தம்பி. முதலில் துப்பாக்கி, இருக்கையை வெளியே எறியும் வெடிமருந்து எல்லாவற்றையும் கழற்றுவார்கள். உடம்பு முழுக்கக் கழுவுவார்கள். எரிபொருளை வடித்துவிட்டு, குழாய்களுக்குள் மெல்லிய எண்ணெய் ஓடவிட்டு ஒரு படலம் பிடிக்க வைப்பார்கள். அப்புறம் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, மேலே வெள்ளைப் பூச்சு. வெயிலில் உள்ளே வேகாமல் இருக்க அந்த வெள்ளை. படத்தில் மூக்கும் கண்ணாடியும் வெள்ளையடித்த மாதிரி தெரிகிறதே, அதுதான். நிறைய விமானங்கள் அங்கிருந்து மறுபடி பறக்கவே போயிருக்கின்றன. பல ஃபேன்டம் போர் விமானங்கள் ஆளில்லாமல் பறக்கும் இலக்காக மாறி, ஏவுகணைக்கு இரையாயின. பி-52 குண்டுவீச்சு விமானங்களின் கதை இன்னும் மோசம். ஆயுதக் குறைப்பு ஒப்பந்தப்படி, கிரேனில் சுமார் 6 டன் கத்தியைத் தூக்கிப் போட்டுத் துண்டு துண்டாக வெட்டினார்கள். ரஷ்யச் செயற்கைக்கோள் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று துண்டுகளை அப்படியே விட்டும் வைத்தார்கள்.

அந்த மாதிரி ஒரே பெரிய இடம் நம்மிடம் கிடையாது. இங்கே சில விமானங்கள் அருங்காட்சியகம் போகும், சில முகாம் வாசலில் நிற்கும், சில கல்லூரிக்குப் போகும். பயிற்சியில் குண்டு போட இலக்காகச் சிலதை வைப்பார்கள். மிச்சம் ஏலம்தான்.

கேள்வி (நெய்வேலி, ஓய்வுபெற்ற சுரங்க மெக்கானிக்): அப்படிக் குப்பையில் போட்டது திரும்ப எழுந்து பறந்த கதை நம் நாட்டில் உண்டா?

பதில்: நீங்கள் மெக்கானிக், உங்களுக்குத்தான் இது ருசிக்கும். ஜெட் இல்லை, பிஸ்டன் இன்ஜின் விமானம். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை தன்னிடமிருந்த அமெரிக்க லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் கொண்டுவந்து குவித்தது. யாரும் திரும்ப எடுத்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் கெடுத்துவிட்டுப் போனார்கள். இன்ஜினுக்குள் மணல், உடைந்த கருவிகள், நெளிந்த உடல். புது நாடு, கையில் காசில்லை, குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. 1948ல் பெங்களூருவில் உள்ள எச்ஏஎல் (இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை) ஆட்கள் கான்பூருக்குப் போய், இதில் வாலும் அதில் சக்கரமும் எடுத்து, பெங்களூரு வரை பறக்கிற அளவுக்குத் தேற்றினார்கள். முழு ஓவர்ஹால் பெங்களூருவில். இப்படி நாற்பதுக்கு மேல் எழுந்து நின்றன. ஆரம்பத்தில் சில மாதம் சமாளித்தால் போதும் என்று செய்த வேலை இல்லை இது. 1968 வரைக்கும் அவை நம்மிடம் பறந்தன! உலகத்தில் வேறெங்கும் லிபரேட்டர் படைப்பணியில் இல்லாத காலம் அது.

அதற்குப் பிறகு வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் நம்மிடம் வந்து கேட்டு வாங்கிப் போயின. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒன்று போனது. இன்னொன்று போனது எங்கே தெரியுமா? டூசான், பைமா அருங்காட்சியகம். மேலே சொன்ன அந்தப் பாலைவனக் கல்லறைக்குப் பக்கத்திலேயே கான்பூர்க் குப்பையில் பொறுக்கியெடுத்த விமானம் பளபளவென்று நிற்கிறது. விமானம் வயதாகிச் சாவதில்லை, ஆள் இல்லாமல்தான் சாகிறது என்று நான் சொன்னால் பெரிசு உளறுகிறது என்பார்கள். கான்பூரைக் காட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள்.

கேள்வி (பண்ருட்டி): மிக்-21ஐப் பறக்கும் சவப்பெட்டி என்கிறார்களே. அதற்குப் போய்க் கண்ணீர் விடுகிறீர்களே?

பதில்: சவப்பெட்டி என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆனால் கணக்கை மறைக்கவும் மாட்டேன். மிக் வகை எல்லாம் சேர்த்து 872 வாங்கியதில், 2012 ஏப்ரல் வரை 482 விபத்து, 171 பைலட்டுகள் பலி என்று பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஏ.கே. ஆண்டனியே நாடாளுமன்றத்தில் சொன்னார். சின்ன எண்ணிக்கையா இது?

காரணம் பல. 1963ல் வந்தது, அறுபது வருஷத்துக்கு மேல் ஓட்டினோம். சின்ன முக்கோண இறக்கை, அதனால் இறங்கும்போதே மணிக்கு 300 கி.மீ. வாக்கில் வேகம் இருக்கும். இன்ஜின் ஒன்றுதான், அது நின்றால் மேலே யோசிக்க நேரமில்லை. எல்லாவற்றையும்விட, மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து பிள்ளைகளை நேரே இதில் ஏற்றினோம். இடைப்பட்ட பயிற்சிக்கு ஹாக் விமானம் வந்து சேர்ந்தது 2008ல்தான். அந்தத் தாமதத்தின் பழியை விமானத்தின் தலையில் மட்டும் கட்டினால் நியாயமில்லை.

கண்ணீர் விட்டது உண்மை. சம்பளம், கல்யாணம், பிள்ளைகள் படிப்பு எல்லாம் அதன் நிழலில் நடந்தது எனக்கு.

கேள்வி (கூத்தப்பாக்கம்): அண்ணே, உங்களுக்கு ரொம்பப் பிடித்த விமானம் எது?

பதில்: கான்பெரா. யோசிக்கவே வேண்டாம்.

அதை ஸ்டார்ட் பண்ணுவதே ஒரு திருவிழா. இன்ஜினின் மூக்கில் வெடித்தோட்டா போட்டு வைப்போம். பைலட் பட்டனை அழுத்தினால் 'டமால்', கரும்புகை புஸ்ஸென்று கிளம்பும், பின்னாலேயே டர்பைன் சீறிக்கொண்டு சுழல ஆரம்பிக்கும். தீபாவளி மறுநாள் காலையில் தெருவில் வரும் வாசனை ஹேங்கர் பக்கமெல்லாம் அடிக்கும். புதிதாக வந்த பையன்கள் தீப்பிடித்துவிட்டது என்று தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். நாங்கள் வேண்டுமென்றே சொல்லாமல் விடுவோம்.

இன்னொரு விஷயம் வெளியே பலருக்குத் தெரியாது. நம்மிடமிருந்த குண்டுவீச்சு வகையில் பைலட்டுக்கு மட்டும்தான் வெளியே எறியும் இருக்கை. மூக்குப் பகுதியில் இருக்கும் நேவிகேட்டருக்குக் கிடையாது. ஆபத்தென்றால் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் அவர் குதிக்க வேண்டும். அந்தக் கதவின் தாழ்ப்பாளை நாங்கள் பார்த்துவிட்டு வந்த பிறகும், நேவிகேட்டர் தன் கையால் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

1957ல் வந்தது, காங்கோவில் ஐ.நா. படைக்காகப் போனது, இரண்டு பாகிஸ்தான் போர் பார்த்தது, 2007 மே 11 அன்று ஆக்ராவில் ஓய்வு. அரை நூற்றாண்டு.

கேள்வி (தேவனாம்பட்டினம், மீனவர்): சின்ன வயசில் கடலில் இருக்கும்போது நாலு இன்ஜின் வைத்த பெரிய விமானம் ஒன்று தாழப் போகும், கட்டுமரமே அதிரும். அது என்ன ஜெட்?

பதில்: இறக்கை பின்பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு இன்ஜினிலும் இரண்டு விசிறி எதிரெதிரே சுற்றியதென்றால் கடற்படையின் டியு-142. விசிறி வைத்ததால் ஜெட் கணக்கில் வராது, ஆனால் வேகத்தில் ஜெட்டுக்கு அண்ணன் தம்பி. 1992லிருந்து அரக்கோணத்தில் இருந்தது, 2017 மார்ச்சில் ஓய்வு. ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள், உள்ளே ஏறியே பார்க்கலாம். இறக்கை நேராக இருந்திருந்தால் அது ஐஎல்-38.

கேள்வி (வில்லியனூர், பள்ளி நிர்வாகி): ஐயா, எங்கள் வளாக வாசலில் ஒரு பழைய போர் விமானம் வைத்தால் பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும் என்று நினைக்கிறோம். எதைக் கேட்டு வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். கோபப்படாமல் முழுசாகக் கேளுங்கள்.

சுத்த அலுமினியம் சீக்கிரம் கெடாது. விமானத் தகட்டில் பலத்துக்காகச் செம்பு போன்ற உலோகங்கள் கலந்திருக்கும், உப்புக்காற்றுக்கு அது பிடித்த தீனி. போதாததற்கு அலுமினியத் தகட்டில் எஃகு போல்ட். நடுவில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் மின்கலம் மாதிரியே வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். கடற்கரை ஊர்களில் நிற்கும் ஏதாவது ஒரு விமானத்தின் வயிற்றுப் பக்கம் குனிந்து பாருங்கள். ரிவெட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். பெயிண்ட் கொப்பளித்திருக்கும் இடத்தில் நகத்தால் அழுத்தினால் உள்ளே போகும், தகடு பக்கம் பக்கமாக உரியும். அடியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் உண்டு. அதில் சருகும் மைனாக் கூடும் அடைத்துக்கொள்ள, மழைத்தண்ணீர் உள்ளேயே நிற்கும்.

நம் ஆட்கள் செய்யும் பராமரிப்பு என்ன? குடியரசு தினத்துக்கு முதல் நாள், கழுவாமல் கொள்ளாமல், உப்பின் மேலேயே எனாமல் பெயிண்ட் ஒரு கோட். ஈரத்தை உள்ளே வைத்து மூடி முத்திரை போட்ட மாதிரி. ஒரு கல்லூரி வாசலில் பத்து வருஷமாக இப்படிப் பூசிப் பூசி, வட்டச் சின்னத்தில் நிறங்களின் வரிசையே மாறிப்போயிருந்ததைப் பார்த்தேன். காவலாளி அதன் இறக்கையில் துண்டு காயப் போட்டிருந்தார். அவர்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

வேம்பயர் கிடைத்தால் இன்னும் மோசம். 1948ல் வந்த நம் முதல் ஜெட் அது. பைலட் உட்காரும் முன்பகுதி ஒட்டுப்பலகையும் பால்சா மரமும். கான்பெராவின் செங்குத்து வாலிலும் மரம் உண்டு. திறந்தவெளியில் வைத்தால் கரையான் நன்றி சொல்லும். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தானே கரையேறியது? பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பீடத்தில் நிற்கும் விமானம் என்ன ஆகும் என்று இன்ஜினியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூரையும், வருஷாவருஷம் நல்ல தண்ணீரில் கழுவ ஒரு ஆளும், அதற்குச் சம்பளமும் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் ஒரு இன்ஜினை மட்டும் கேளுங்கள், பக்கவாட்டில் வெட்டி உள்ளே தெரிகிற மாதிரி. லேபுக்குள் வையுங்கள், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். அப்துல் கலாம் விமானப் பொறியியல் பக்கம் திரும்பியது குரோம்பேட்டை எம்ஐடியில் வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துத்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். படிக்கிற இடத்தில், கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்ததால் அது நடந்தது. வாசலில் அழுகுவதைவிட, மரியாதையாக வெட்டி உருக்கிவிடுவது மேல் என்பேன். என் சக ஆட்களே இதற்காக என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள்.

கேள்வி (புதுச்சேரி, குருசுக்குப்பம்): எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர். பிரெஞ்சு விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தவர், ஊரகான், மிஸ்தேர் என்று பேர் சொல்லிக்கொண்டே இருப்பார். இங்கேயும் அவை இருந்தனவா?

பதில்: இருந்தன. ஊரகானை 1953ல் வாங்கி 'தூஃபானி' என்று பெயர் வைத்தோம். மிஸ்தேர் 1957ல் வந்தது. 1965 செப்டம்பர் 7, பாகிஸ்தானின் சர்கோதா விமானத்தளத் தாக்குதலில் ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா மிஸ்தேரை வைத்துக்கொண்டு அதைவிட இரண்டு மடங்கு வேகமான பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானத்தை வீழ்த்திவிட்டுத் திரும்பி வரவில்லை. மகாவீர் சக்ரா கிடைக்க 1988 ஆனது. தாத்தாவிடம் சொல்லுங்கள், தெரிந்திருக்காது. இரண்டுமே டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் உண்டு.

பிரான்சுக்கும் நமக்கும் இன்னும் கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. அவர்கள் ஓய்வு கொடுத்த ஜாகுவார், மிராஜ் 2000 உடல்களை உதிரி பாகத்துக்காக நாம் வாங்கினோம். அங்கே ஷெட்டில் கிடந்த பாகம் இங்கே பறக்கிறது.

கேள்வி (நெல்லிக்குப்பம்): பழைய இரும்புக் கடையில் விமானக் கடிகாரம் மாதிரி ஒன்று வாங்கினேன். இருட்டில் முன்பு ஒளிர்ந்திருக்குமாம், இப்போது இல்லை. பிரித்துச் சரி பண்ணலாமா?

பதில்: பிரிக்காதீர்கள்! பழைய கருவிகளில் முள்ளுக்கும் எண்ணுக்கும் ரேடியம் கலந்த பெயிண்ட் அடித்திருப்பார்கள். ஒளி மங்கும், கதிரியக்கம் போகாது, ரேடியத்தின் அரை ஆயுளே 1,600 வருஷம். கண்ணாடி உடையாமல், சுரண்டாமல், படுக்கையறையிலும் பிள்ளைகள் கைபடும் இடத்திலும் வைக்காமல் இருங்கள்.

கேள்வி (செம்மண்டலம்): சார், அப்பா விமானப்படையில் இருந்தவர், இப்போது இல்லை. ஒரு விமானத்தின் முன்னால் நாலு பேரோடு நிற்கும் போட்டோ மட்டும் இருக்கிறது. அந்த விமானம் இன்னும் எங்காவது இருக்குமா, கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியலாம்மா. போட்டோவில் வாலுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்து ஒரு வரிசை இருக்கும், அதுதான் அதன் அடையாளம். அது தெரியாவிட்டால் முன் சக்கரத்தின் கதவைப் பாருங்கள், பலமுறை கடைசி இலக்கங்களை அங்கேயும் எழுதுவோம். எண் கிடைத்தால் பாலம், சண்டிகர், பெங்களூரு அருங்காட்சியகங்களில் நிற்பவற்றோடு ஒப்பிடலாம். போட்டோவை ஃபிரேமிலிருந்து கழற்றி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் ஆட்களுக்கு ஊரும் தேதியும் எழுதும் பழக்கம் உண்டு. செல்போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், எண் மங்கிவிடும். செம்மண்டலத்திலிருந்து நடக்கிற தூரம்தானே, சாயங்காலமாக நேரிலேயே கொண்டுவாருங்கள். பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது, அந்த நாலு பேரில் யாராவது எனக்குத் தெரிந்த முகமாகவும் இருக்கலாம்.