கொல்லையில் மாமியாருக்கு ஒரு வீடு: அரசு பணம் தருமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “மாமியாருக்கு முட்டிவலி, மாடிப்படி ஏற முடியவில்லை. கொல்லையில் ஓர் அறை, குளியலறை, சின்ன சமையல்கட்டு கட்ட நினைக்கிறோம். வீடு எங்கள் பெயரில்தான். கணவருக்கு ஒரு கம்பெனியில் மாதம் 19,000 ராண்ட் சம்பளம். அரசு மானியம் கிடைக்குமா?”

கிடைக்காது அம்மா. முன்பு ஃபிளிஸ்ப் என்றார்களே, இப்போது ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ் என்கிற அரசின் வீட்டு மானியம், அதற்கு மாத வருமானம் 3,501 முதல் 22,000 ராண்டுக்குள் இருக்கவேண்டும். அந்தக் கணக்கில் நீங்கள் வந்தாலும், அது முதல் வீட்டுக்கான மானியம். சொந்த வீடு உள்ளவர்கள் பின்னால் கிரானி ஃப்ளாட் கட்ட அதில் வழியில்லை. “கொஞ்சம் பணம் கொடுங்கள், வாங்கித் தருகிறேன்” என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்களுக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு கணவரின் பென்ஷன் ஃபண்ட். 1956ஆம் ஆண்டு பென்ஷன் ஃபண்ட்ஸ் சட்டத்தின் 19(5) பிரிவுப்படி, குடியிருக்கும் வீட்டை விரிவாக்க ஃபண்டே கடன் தரலாம், அல்லது வங்கிக் கடனுக்கு ஜாமீன் நிற்கலாம். அவருடைய ஃபண்டின் விதிகளில் இதற்கு இடம் இருக்கிறதா என்று எச்.ஆரில் முதலில் கேட்கச் சொல்லுங்கள். தவணை சம்பளத்திலேயே பிடித்தம் ஆகும். ஆனால் வேலையை விட்டால் பாக்கியை ஓய்வுக்காலப் பணத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அதை இருவரும் உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2024 செப்டம்பரில் வந்த டூ-பாட் முறையில், அதாவது ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பகுதியைச் சேமிப்புப் பங்காகப் பிரித்து வைக்கும் ஏற்பாட்டில், அந்தப் பங்கை ஓய்வுக்கு முன்பே எடுக்கலாம்தான். அதற்கு வருமான வரி உண்டு, எடுத்தது திரும்பவும் வராது. நான் அதைத் தொடமாட்டேன்.

கடனுக்கு முன்னால் பிளான். 1977ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டப்படி நகராட்சி ஒப்புதல் இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது. 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடம் என்றால் 30 நாளில் முடிவு சொல்லவேண்டும் என்பது விதி.

அதற்கும் முன்னால் கொல்லைக்குப் போய்ப் பாருங்கள். துணி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குள் வட்டமான மேன்ஹோல் மூடி கிடக்கிறதா? அப்படியானால் கழிவுநீர்க் குழாய் உங்கள் மனைக்குள்ளேயே ஓடுகிறது. அதன்மேல் அஸ்திவாரம் போட நகராட்சி விடாது. பிளான் வரையும் டிராஃப்ட்ஸ்மேனிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

அப்புறம், குளியலறை வாசலில் படி வேண்டாம், கதவு 90 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். நாளைக்கு மாமியாருக்கு வாக்கர் வந்தாலும் நுழையும். இதையெல்லாம் பிளானைக் கொடுப்பதற்கு முன்பே வரையச் சொல்லுங்கள். பிறகு மாற்றினால் மறுபடி ஒப்புதலுக்கு அலையவேண்டும்.