மறைந்த நாய்களின் நினைவை எப்படிக் காப்பது?

கேள்வி: பினாங்கின் ஜெலுத்தோங்கில் ஒரு தரைவீட்டில் வசிக்கிறோம். தெருவில் கிடந்த மூன்று நாய்களை வெவ்வேறு காலத்தில் எடுத்து வளர்த்தோம். 2015 இறுதியில் வந்த கருப்பன் முதலில் இறந்தான். அவனைப் பின்கட்டில் புதைத்தோம். பிறகு மணியையும், சென்ற மாதம் சிறுநீரகக் கோளாறால் இறந்த செல்லியையும் தகனம் செய்து அஸ்தியை வாங்கி வைத்திருக்கிறோம். அஸ்தி வீட்டில் இருக்கக் கூடாது என்கிறார் மாமியார். திதி கொடுக்கலாமா என்று கேட்கிறார் கணவர். இதற்கிடையே வீட்டை விற்றுவிட்டு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறோம். இவர்கள் நினைவை எப்படிப் போற்றுவது? செல்லியின் படுக்கையையும் மருந்துகளையும் காப்பகத்துக்குக் கொடுக்கலாமா?

கால்நடை மருத்துவரின் பதில்:

அஸ்தி, திதி இரண்டைப் பற்றியும் பிறகு சொல்கிறேன். அவற்றுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. வீடு மாறுவதற்கு முன் நீங்கள் செய்தாக வேண்டியது, மூன்று நாய்களைப் பற்றியும் எழுதி வைப்பது. விலை கொடுத்து வாங்கிய நாய்க்குப் பிறந்த தேதியும் தாய் தந்தை விவரமும் பெரும்பாலும் ஒரு தாளில் இருக்கும். தெருவிலிருந்து வந்த நாயின் வயதையே பல்லின் தேய்மானத்தையும் கறையையும் பார்த்து நாங்கள் ஏறத்தாழ மதிப்பிட்டுத்தான் சொல்கிறோம். அது எங்கே பிறந்தது, உங்களிடம் வரும் முன் யார் அதற்குச் சோறு போட்டார்கள் என்பதெல்லாம் அநேகமாகத் தெரியவே தெரியாது. அதன் வாழ்க்கைக்குச் சாட்சி உங்கள் குடும்பம் மட்டுமே என்பதால், நீங்கள் மறந்துவிட்டால் அதைப் பற்றிய செய்தி வேறெங்கும் இருக்காது.

எழுதும்போது பொதுவான புகழ்ச்சியை விட்டுவிட்டு, சின்னச் சின்ன விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில், என்ன நிலையில் கண்டீர்கள், முதல் இரவு எங்கே படுத்தது, துடைப்பத்தைக் கண்டால் ஏன் ஒதுங்கியது, இடி இடித்தால் யார் காலடிக்குப் போனது, எந்தக் காது கிழிந்திருந்தது என்பவை போதும். மாமியாரையும் பிள்ளைகளையும் தனித்தனியே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்; ஒருவர் அறிந்தது மற்றவருக்குத் தெரிந்திருக்காது. தடுப்பூசி அட்டை, மாநகர் மன்ற உரிம வில்லை, கழுத்துப் பட்டை மூன்றையும் ஒரே பெட்டியில் வையுங்கள். சிகிச்சை பெற்ற கிளினிக்கில் மருத்துவக் குறிப்பின் நகலைக் கேட்டுப் பெறலாம். கைப்பேசியில் இருக்கும் குரைப்பொலியையும் காணொளிகளையும் உடனே வேறிடத்திலும் சேமியுங்கள். கைப்பேசி பழுதானதோடு அவை போய்விட்டன என்று வருந்துபவர்கள் பலர்.

படம் மாட்டுவதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. எலும்பும் தோலுமாக, சொறி பிடித்து வந்த நாளின் படத்தையும் பிறகு தேறிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அது காப்பாற்றியவரின் கதையாக முடிகிறது. அந்த நாய் பரிதாபமாக இருந்தது சில வாரங்கள்தான்; பிறகு பல ஆண்டுகள் வயிறு நிறையத் தின்று, வாசலை மறித்துப் படுத்து, வேண்டாதவரைக் கண்டு குரைத்து வாழ்ந்திருக்கிறது. அந்தக் காலத்துப் படத்தையே மாட்டுங்கள். முதல் படம் பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும்.

கருப்பன் வந்த ஆண்டைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். 2015-இல் மலேசியாவின் வடமாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியபோது, பினாங்கில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல மாநில அரசு செப்டம்பரில் முடிவெடுத்ததும், அதை எதிர்த்துப் பலர் குரல் கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் ஒரு வீட்டுக் கதவு திறந்ததால் பிழைத்த நாய் அது.

பின்கட்டில் இருக்கும் அவனைத் தோண்டி எடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. நம் மண்ணின் ஈரத்தில் உடல் எவ்வளவு சிதைந்திருக்கும் என்பதைக் கணிக்க முடியாது. அந்தக் காட்சியே பிறகு கடைசி நினைவாகத் தங்கிவிடும். ஊசி போட்டு உயிர் பிரியச் செய்திருந்தால், அந்த மருந்து உடலிலும் சுற்றியுள்ள மண்ணிலும் நெடுநாள் தங்கக்கூடியது. புதைத்த இடத்துக்கு மேலிருக்கும் கல்லையோ, அங்கே வளரும் செடியின் ஒரு கிளையையோ எடுத்துச் செல்லுங்கள். வாங்குபவரிடம் இடத்தைச் சொல்லிவிடுவது நல்லது; பின்னால் கட்டுமான வேலையின்போது எலும்பு கிடைத்தால் அவர் வீணாகப் பதற வேண்டியிருக்காது.

அஸ்தியை வீட்டில் வைத்திருப்பதால் சுகாதாரக் கேடு ஏதும் இல்லை. கடும் வெப்பத்தில் எஞ்சிய எலும்புச் சாம்பல்தான் அது. 15 கிலோ எடையுள்ள நாய்க்கு ஏறத்தாழ அரைக் கிலோ கிடைக்கும். ஈரம் இழுத்துக் கட்டியாகாமல் இருக்க, இறுக மூடும் கண்ணாடி அல்லது பீங்கான் கலயத்தில் வையுங்கள். மாமியாரின் மனக்குறை நியாயமானதே. நம் வீடுகளில் மனிதர்களின் அஸ்தியையே உள்ளே வைத்திருக்க மாட்டோம். அவரிடம் வாதாடி வெல்வதால் யாருக்கும் பயனில்லை. சாமி அறையை விட்டு விலகிய ஓர் அலமாரியில் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு கடலில் கரைப்பதானால் சாம்பலை மட்டும் கரையுங்கள். பிளாஸ்டிக் பையும் நெகிழி மாலையும் வேண்டாம். பூச்செடிக்கு இடுவதானால் கவனம் தேவை. அஸ்தியில் காரத்தன்மையும் உப்பும் மிகுதி. மொத்தமாகக் கொட்டினால் செடி கருகிவிடும். பெரிய தொட்டி மண்ணில் ஓரிரு தேக்கரண்டி கலந்தால் போதும். அடுக்குமாடியின் பொதுத் தோட்டத்தில் தூவாதீர்கள். அந்த இடம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது.

சடங்கு குறித்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றாலும், திதி என்பது முன்னோர்க்கான பித்ரு கடன். வீட்டு விலங்குக்கு அதைச் செய்யும் மரபு நம்மிடம் இல்லை. அன்றாடம் சமைத்த உணவில் ஒரு பங்கை நாய்க்கும் காக்கைக்கும் வைப்பது பழைய நூல்கள் விதித்த ஒன்று. நாய் பைரவரின் வாகனம் என்பதால், தேய்பிறை அஷ்டமியன்று கோயிலில் ஒரு விளக்கேற்றுவது யார் மனத்தையும் புண்படுத்தாது.

நாய்க்கு நினைவுச் சின்னம் வைப்பது மேல்நாட்டுப் பழக்கம் என்று உறவினர் யாராவது சொன்னால், திருவண்ணாமலை வட்டாரத்தில் எடுத்தனூரில் உள்ள நடுகல்லைச் சொல்லுங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்த ஏழாம் நூற்றாண்டுக் கல்லில், எருமைகளுக்காகப் போரிட்டு இறந்த வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. பெயரும் அது செய்த காரியமும் ஒரே வரியில் அடங்கிவிட்டன. உங்கள் மூன்று நாய்களுக்கும் அப்படி ஒரு வரி எழுதிப் படத்தின் கீழ் ஒட்டிப் பாருங்கள்.

இறந்த நாளில் தெருநாய்களுக்குச் சோறு வைக்கப் பலர் ஆசைப்படுவார்கள். பழக்கமில்லாத இடத்தில் ஒரு நாள் மட்டும் சோற்றைக் கொட்டிவிட்டு வந்தால் எலி பெருகும், அக்கம்பக்கத்தார் புகார் கொடுப்பார்கள், பிடிவண்டி வரும். கடைசியில் பாதிக்கப்படுவது அந்த நாய்கள்தான். தினமும் உணவளிப்பவர் ஒருவரைக் கண்டுபிடித்து அவர் மூலமாகக் கொடுங்கள். அதைவிடவும் நான் பரிந்துரைப்பது, செல்லியின் பெயரால் ஒரு பெட்டை நாயின் கருத்தடை அறுவைக்குப் பணம் கட்டுவது. நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான். ஆண்டுக்கு இரு முறைகூட ஈனும். அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வீடு கிடைப்பதில்லை.

செல்லிக்கு வந்தது தொற்றும் நோயன்று. படுக்கையைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் தையல் இடுக்கில் உண்ணி பல மாதம் பட்டினியாகவே உயிரோடு இருக்கும். வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகு கொடுங்கள். (பார்வோ என்ற கடும் தொற்றுநோயால் குட்டி இறந்த வீடாக இருந்தால் துணியை எரித்துவிடச் சொல்லியிருப்பேன், அந்தக் கிருமி ஓராண்டு வரைகூடத் தங்கும்.) பிரிக்காத சிறப்பு உணவு மூட்டையைக் காப்பகங்கள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளும். மிச்ச மாத்திரைகளை அங்கே தராமல், எழுதிக் கொடுத்த கிளினிக்கிலேயே திருப்பிக் கொடுங்கள். அப்படிப் போகும்போது, கிளினிக்கின் பதிவேட்டிலும், தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் பதிவிலும் செல்லி இறந்ததைக் குறிக்கவும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தடுப்பூசி நினைவூட்டல் குறுஞ்செய்தி அவள் பெயரிலேயே வந்து பிள்ளைகளைக் கலங்கடிக்கும்.