நிலத்தை விற்க வேண்டாம், முதலில் எக்கோ எடுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. 3 மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று எக்கோவில் பம்பிங் 38 சதவீதம். ஸ்டெம் செல் ஊசி போட்டால் இதயம் புதிதாக வளரும், 6 லட்சம் ஆகும் என்கிறார்கள். நிலத்தை விற்கலாமா? மாத்திரையால் அப்பாவுக்கு ஒரே இருமல் வேறு.

பதில்: வேண்டாம் அம்மா, நிலத்தில் கை வைக்காதீர்கள்.

பம்பிங் என்பது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. அந்த 38 டிஸ்சார்ஜ் அன்று எடுத்தது. ரத்தம் நின்ற இடத்தில் எல்லாத் தசையும் செத்துவிடுவதில்லை. கொஞ்சம் மயங்கிக் கிடக்கும். ரத்தம் திரும்பிய பிறகு வாரக்கணக்கில் மெல்லத் தெளியும். அதனால் இப்போது மறுபடி எக்கோ எடுத்துப் பாருங்கள்.

செத்த தசை வேறு. அங்கே தழும்புதான் வரும். ஜீப்ரா மீனுக்கு இதயத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டே மாதத்தில் வளர்ந்துவிடுகிறது. மனிதருக்கு இளவயதிலேயே ஆண்டுக்குச் சுமார் 1 சதவீத தசைசெல்தான் புதிதாகிறது. எலும்பு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல், அதாவது வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூலச் செல், எலியின் இதயத்தைச் சரிசெய்தது என்று 2001இல் அமெரிக்காவில் பியரோ அன்வெர்சா குழு எழுதியபோது பலர் நம்பினார்கள். மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தன, நடக்கவில்லை. 2018இல் அவருடைய ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொன்னது ஹார்வர்டு பல்கலைக்கழகம். தரவுகளில் பொய் கலந்திருந்ததாம். அந்த நம்பிக்கையை இன்னமும் லட்சக்கணக்கில் விற்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஜெர்மனியில் ஆய்வகத்தில் வளர்த்த இதயத்தசையை ஒட்டு மாதிரி வைத்துப் பார்க்கிறார்கள். அது இன்னும் சோதனைதான். நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறைப்படியும் இதயத்துக்கு ஸ்டெம் செல் என்பது ஆய்வாக மட்டுமே நடக்கலாம்.

சரி, இருமலுக்கு வருவோம். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பெயர் 'ப்ரில்' என்று முடிகிறதா? ராமிப்ரில், எனலாப்ரில் எல்லாம் அந்த வகை. இதில் முதலில் வந்தது கேப்டோப்ரில்; பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது. மாரடைப்புக்குப் பிறகு பம்பிங் 40 அல்லது அதற்குக் கீழே இருந்த 2,231 பேரிடம் சோதித்தபோது இறப்பு 19 சதவீதம் குறைந்தது என்று 1992இல் வெளியானது. இதயம் வீங்கித் தளராமல் காப்பது இதன் வேலை. வறட்டு இருமல் சிலருக்கு வரும். மருத்துவரிடம் சொன்னால், பெயர் 'சார்ட்டன்' என்று முடியும் வகைக்கு மாற்றித் தருவார். அப்பா தானாக நிறுத்திவிடக் கூடாது.

ஸ்டென்ட் அடைக்காமலிருக்கத் தரும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் போன்றவற்றையும் அப்படித்தான். பல் பிடுங்குவதற்காகக்கூட இதயநோய் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையும் விட வேண்டாம். அடுத்த முறை போகும்போது அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். தினமும் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.