வயதான மட்டக்குதிரைக்கு எந்தத் தீவனத்தை வாங்குவது?

கேள்வி: கொடைக்கானல் ஏரிக்கரையில் பல ஆண்டுகள் சவாரிக்குச் சென்ற எங்கள் மட்டக்குதிரைக்கு இப்போது 24 வயது. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து வீட்டிலேயே வைத்திருக்கிறோம். நிறையப் பச்சைப்புல் போட்டும், காலையும் மாலையும் கொள்ளும் தவிடும் கொடுத்தும், விலா எலும்பு தெரியும் அளவுக்கு இளைத்துவிட்டது. முதிய குதிரைகளுக்கான சிறப்புத் தீவனம் என்று ஒரு மூட்டையைக் கடைக்காரர் காட்டுகிறார்; விலை மிக அதிகம். வாங்கலாமா?

பதில்: அந்த மூட்டையை வாங்குவதில் தவறில்லை என்றாலும், அது உங்கள் முதல் செலவாக இருக்க வேண்டாம். முதல் செலவு கால்நடை மருத்துவரைக் கொண்டு வாயைப் பார்க்கச் செய்வதாக இருக்கட்டும். குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேயத் தேய, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈறிலிருந்து வெளிவந்துகொண்டே இருக்கும். 20 வயதைத் தாண்டிய பிறகு அந்த இருப்பு தீரத் தொடங்குவதால் சில பற்கள் வழவழப்பாகித் தேய்ந்தும், சில கூர்முனை வளர்ந்து கன்னத்தைக் கிழித்தும், சில ஆடியும் போகும். தீவனத் தொட்டியின் அடியில் பாதி மென்று துப்பிய புல் உருண்டைகள் கிடந்தாலோ, சாணத்தில் நீளமான நார் அப்படியே தெரிந்தாலோ, நீங்கள் போடும் புல் உடம்பில் சேரவில்லை என்று பொருள். கூர்முனைகளை மருத்துவர் அரத்தால் தேய்த்துச் சரிசெய்வார். அதே வருகையில் சாணத்தில் குடற்புழு முட்டைகளைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கோடையிலும் உதிராத நீண்ட, சுருண்ட ரோமம் இருந்தால், மூளையடிச் சுரப்பியின் கோளாறான குஷிங் நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் தேவை. முதிய குதிரைகளில் இது அரிதன்று, தீவனத்தை மட்டும் மாற்றி இதைக் குணப்படுத்தவும் முடியாது.

அடுத்து, எடையைக் கண்மதிப்பில் விடாமல் அளந்து எழுதி வையுங்கள். தையல்காரரின் நாடாவால், முன்னங்காலுக்குப் பின்புறமாக மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரையிலான நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, பிறகு நீளத்தாலும் பெருக்கி, 11,877 ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். இரண்டும் 130 சென்டிமீட்டர் என்றால் எடை சுமார் 185 கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும். குளிர்கால ரோமம் மெலிவை மறைத்துவிடும் என்பதால் விலாவைக் கையால் தடவியும் பார்க்க வேண்டும். எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு எளிதில் தட்டுப்படுவதே சரியான நிலை.

185 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு, எடையில் 1.5 முதல் 2 சதவீதம் என்ற கணக்கில், ஈரம் நீங்கலாக நாளொன்றுக்குச் சுமார் 3 முதல் 3.5 கிலோ தீவனம் வேண்டும். பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை மட்டுமே நம்பினால் ஏறத்தாழ 15 கிலோவை அது மென்று முடிக்க வேண்டும், பல் போன குதிரையால் அது இயலாது. ஆகவே உங்கள் பணத்தின் பெரும்பகுதி மெல்ல எளிதான நார்த்தீவனத்துக்குப் போகட்டும்: பொடியாக நறுக்கிய நல்ல உலர்புல், குதிரைமசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) உலர்தூள் அல்லது குச்சித்தீவனம் ஆகியவற்றை வெந்நீரில் ஊறவைத்துக் கூழ்போலக் கொடுக்கலாம். குடலில் நார் நொதிக்கும்போது உண்டாகும் வெப்பம் மலைக்குளிரில் கூடுதல் நன்மை. நெல் வைக்கோல் மலிவு என்றாலும் இந்த வயதில் அதனால் பயன் மிகக் குறைவு.

கொள்ளை நிறுத்த வேண்டியதில்லை; வேகவைத்து, நாளுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தவிட்டைத்தான் குறைக்க வேண்டும். அதில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம் என்பதால், தொடர்ந்து அதிகமாகக் கொடுத்தால் எலும்பு பலவீனமாகும்; சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரைமசால் அதை ஓரளவு ஈடுசெய்யும். எடை கூட்ட மலிவான வழி சமையல் எண்ணெய்: 30 மில்லியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் 100 மில்லி வரை உயர்த்தலாம்.

இவ்வளவும் செய்தபின் சிறப்புத் தீவனத்துக்கு வருவோம். மூட்டையின் படத்தைப் பார்க்காமல் லேபிளைப் படியுங்கள். புரதம் 12 முதல் 14 சதவீதமும், நார் 15 சதவீதத்துக்கு மேலும் இருந்து, புல்லுக்குப் பதிலாகவே கொடுக்கலாம் என்று எழுதியிருந்தால் பல்லில்லாத குதிரைக்கு அது உண்மையிலேயே உதவும். நார் குறைவாக இருந்தால் அது வெறும் தானியக் கலவைதான், அதற்கு அந்த விலை தகாது. குஷிங் நோயோ குளம்பழற்சியோ உள்ள குதிரைக்குச் சர்க்கரைப்பாகு சேர்த்த தீவனம் கூடாது. மூட்டை விலையை அதன் எடையால் வகுத்து, லேபிளில் சொல்லப்பட்ட நாளளவால் பெருக்கினால் ஒருநாள் செலவு தெரியும். கடைக்காரர் சொல்லும் கிலோ விலையைவிட அதுவே ஒப்பிடத் தகுந்தது. முதலில் ஒரு மூட்டை மட்டும் வாங்கி, பத்து முதல் பதினான்கு நாள்களில் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். மலை ஈரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும் என்பதால் ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வேண்டாம். பில்லையும், தொகுதி எண் உள்ள மூட்டைப் பகுதியையும் எடுத்து வையுங்கள். பூஞ்சை பிடித்த சரக்கைக் கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்ய அவை தேவைப்படும்.

கேள்வி: மாட்டுத்தீவனமும் கோழித்தீவனமும் பாதி விலைக்குக் கிடைக்கின்றனவே, அவற்றைக் கலந்து கொடுக்கலாமா? (உதகை வாசகர்)

பதில்: கூடவே கூடாது. கோழித்தீவனத்திலும் சில மாட்டுத்தீவனங்களிலும் மோனென்சின் என்ற மருந்து சேர்க்கப்படுகிறது. கோழிக்கும் மாட்டுக்கும் உரிய அளவில் கேடு செய்யாத அது, குதிரைக்குச் சிறிதளவிலேயே இதயத் தசையைச் சிதைத்து உயிரைப் பறித்துவிடும். மாற்று மருந்து கிடையாது. உள்ளூர் அரவை ஆலையில் குதிரைக்கெனத் தீவனம் கலக்கச் சொல்வோர், கோழித்தீவனம் கலக்கும் அதே இயந்திரத்தில் அது தயாராகிறதா என்று கேட்டுவிட்டே பணம் கொடுக்க வேண்டும். வீட்டில் கோழி வளர்த்தால் அந்தத் தீவனத்தைக் குதிரையின் வாய்க்கு எட்டாத பூட்டிய அறையில் வையுங்கள்.