வீட்டுக்கு வைத்தியம்: மழைக்கு முன் வந்த கேள்விகள்

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் பதில் கிடைத்தால் நல்லது என்று பலர் எழுதியிருப்பதால், இம்முறை ஈரம், மின்சாரம், எரிவாயு தொடர்பான கடிதங்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 1993-இல் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்தளத்தில் வசிக்கிறோம். சென்ற மாதம் ஒருநாள் இரவு, படுக்கையறைக் கூரையிலிருந்து தாம்பாளம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. நல்லவேளையாகக் கட்டிலில் யாரும் இல்லை. உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிகிறது. பெயின்ட் வேலை செய்பவர், பட்டி பார்த்து இரண்டு கோட் அடித்தால் தெரியாமல் போய்விடும், இரண்டே நாள் வேலை என்கிறார். செய்யலாமா?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: தெரியாமல்தான் போகும், அதுதான் ஆபத்து. முதலில் அந்தக் கட்டிலை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

விழுந்தது வெறும் பூச்சு மட்டுமாக இருக்காது. கம்பி வெளியே தெரிகிறது என்றால், அதைப் போர்த்தியிருந்த கான்கிரீட்டும் சேர்ந்தே பெயர்ந்திருக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்குமே ஒழிய, உள்ளிருந்து பிளக்கும் இழுவிசையை அதனால் அவ்வளவாகத் தாங்க இயலாது. ஆகவே முதலில் கம்பி ஓடும் திசையிலேயே மயிரிழைபோல் ஒரு விரிசல் வரும். அடுத்துப் பழுப்புக் கறை, பிறகு லேசான உப்பல், கடைசியில் உதிர்வு. உங்கள் கூரையிலும் அந்த விரிசல் சில ஆண்டுகளாகவே இருந்திருக்கும். ஒவ்வொரு முறை பெயின்ட் அடிக்கும்போதும் பட்டிக்குள் மறைந்திருக்கும்.

கடற்கரைக்கு அருகில் இது விரைவாக நிகழ்வதற்குக் காற்றில் வரும் உப்பு ஒரு காரணம். மேஸ்திரிகள் ‘கவர்’ என்று சொல்லும் போர்வை மெலிந்திருப்பது மற்றொரு காரணம். கடலோரச் சூழலுக்கு வெளிப்பட்டிருக்கும் கான்கிரீட்டில், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் போர்வை வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 தரவிதி கூறுகிறது. அதற்கு முந்தைய காலத்துக் கூரைகளில், விரல் பருமன்கூட இல்லாத இடங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கம்பிக்கு அடியில் கவர் கட்டை வைக்காமல், சென்ட்ரிங் பலகையின் மேலேயே கம்பியைக் கிடத்திக் கான்கிரீட் போட்டிருப்பார்கள்.

ஒரு சிறிய சுத்தியலை எடுத்துக்கொண்டு, அந்த அறையின் கூரை முழுவதையும் சாண் இடைவெளியில் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். தட்டுபவர் தலைக்கவசமும் கண்ணாடியும் அணியட்டும். நல்ல கான்கிரீட் ‘கிண்’ என்று ஒலிக்கும். பிரிந்து நிற்கும் இடம் ‘பொத்’ என்று ஒலிக்கும். பொத்தென்ற இடங்களையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டே போனால், விழுந்த இடத்தைவிட விழக் காத்திருக்கும் இடம் பெரிது என்பது பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அவை அனைத்தையும் கொத்தி எடுக்கவேண்டும். கம்பியின் முன்பக்கம் மட்டும் தெரிந்தால் போதாது. அதன் பின்புறமும் விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டுக் கொத்தவேண்டும். பிறகு துருவைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்துவிட்டு, கம்பியின் தடிமனை அளந்து பாருங்கள். 8 மில்லிமீட்டர் கம்பி 6 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தால், கால் பங்குதான் போயிற்று என்று தோன்றும். குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிட்டால் 44 விழுக்காடு போய்விட்டிருக்கும். அந்த நிலையில், பக்கத்தில் புதுக் கம்பி சேர்ப்பது பற்றிக் கட்டமைப்புப் பொறியாளர்தான் முடிவு செய்யவேண்டும். அதுவரை முட்டுக் கொடுப்பதா என்பதையும் அவரே சொல்லட்டும். கம்பி நன்றாக இருந்தால், துருத்தடுப்புப் பூச்சு, பழைய கான்கிரீட்டோடு புதியதைப் பிணைக்கும் பூச்சு, பாலிமர் கலந்த சிமென்ட் கலவை என்ற வரிசையில் வேலை நடக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையோ ஜிப்சத்தையோ அந்தக் குழியில் அடைக்க விடாதீர்கள். அவை ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு துருவை வளர்க்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். தட்டோடுகளின் இணைப்புகள் வாய் பிளந்திருந்தாலோ, மழைநீர் வடிகுழாயின் வாய்ப்பகுதியில் தண்ணீர் தேங்கினாலோ, அதை அடைத்துக் கூரை உலர்ந்த பிறகே கீழே வேலை தொடங்கவேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மழை பெய்தாலே, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிவிடுகிறது. எலெக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துத் தருவதாகச் சொல்கிறார். எம்.சி.பி.க்கள்தான் இருக்கின்றனவே, போதாதா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: போதாது. உள்ளே போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்பதை மட்டுமே ஆர்.சி.சி.பி. கவனிக்கிறது. வீடுகளுக்கு உரிய வகை, வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள்ளாகவே இணைப்பைத் துண்டித்துவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ, ஒரு மனிதர் உடல் வழியாகப் பாயும் மின்சாரத்தைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அது ஒயர் எரிந்துபோகாமல் காப்பதற்காக இருப்பது. நாய் குரைக்கிறது என்பதற்காக நாயை விற்கச் சொல்கிறார் உங்கள் எலெக்ட்ரீஷியன்.

மழை நாளில் ட்ரிப் ஆனவுடன் எல்லா எம்.சி.பி.க்களையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சர்க்யூட்டில்தான் கசிவு. கேட் விளக்கு, வெளிச்சுவரில் உள்ள அழைப்பு மணி சுவிட்ச், மோட்டார் இணைப்பு, ஏ.சி.யின் வெளி யூனிட் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். சென்ற ஆண்டு நான் பார்த்த ஒரு வீட்டில், கேட் விளக்கின் ஹோல்டருக்குள் எறும்புகள் கட்டிய மண் நனைந்து, அதன் வழியாக இரும்பு கேட்டுக்கே மின்சாரம் இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் ஈரக் கையோடு திறக்கும் கேட் அது.

எல்லா எம்.சி.பி.க்களும் இறங்கியிருக்கும்போதே ஆர்.சி.சி.பி. விழுந்தால் குழம்பவேண்டாம். ஒற்றை முனை எம்.சி.பி. பேஸை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் ஒயர் அப்படியேதான் இருக்கும். அது ஈரச் சுவருக்குள் எங்கேனும் காப்புரை பிய்ந்து எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கக்கூடும். அதை, ஒயரின் காப்புரையைச் சோதிக்கும் மெக்கர் கருவி வைத்து அளப்பவரைக் கொண்டுதான் தேடவேண்டும். ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் அந்தக் கருவியை மாற்றவேண்டும்.

கேள்வி: சமையலறை எரிவாயு டியூப் எட்டு ஆண்டுகளாக நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்றுவது என்கிறார் என் கணவர்.
– வாசகி, பெரம்பூர்

பதில்: ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும், உங்களுடையது மூன்று ஆண்டு கடன்பட்டிருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, உள்ளே கம்பி வலை பின்னிய ஆரஞ்சு நிற டியூபை முகவரிடமே வாங்குங்கள். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடிவிட்டு, எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும் என்பதை நினைவில் வைத்து, சன்னலோடு நில்லாமல் கதவையும் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

கேள்வி: எங்கள் குளியலறைக் கூரையில் ஓதம் பரவி, சொட்டுச் சொட்டாக நீர் இறங்குகிறது. மேல்வீட்டு மாமாவிடம் சொன்னால், ‘இரண்டு நாள் ஊரில் இல்லாதபோதும் சொட்டியதே, எங்கள் வீட்டுத் தண்ணீர் இல்லை’ என்கிறார். அவர் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. நாங்கள் கூரையில் வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாமா?
– வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: மாமா பொய் சொல்லவில்லை; ஆனால் அவர் சொல்வதால் எதுவும் நிரூபணமாகவும் இல்லை. பெரும்பாலான அடுக்குமாடிகளில் குளியலறைத் தளத்தை ஒன்றரை அடி வரை தாழ்த்திக் கட்டி, அந்தப் பள்ளத்தில் குழாய்களைப் பதித்து, செங்கல் துண்டுகளைக் கொட்டி நிரப்பி, அதன் மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். கசிந்த நீர் முழுவதும் முதலில் அந்தச் செங்கல் துண்டுகளுக்குள் தேங்குகிறது. மேலே குழாயை மூடிவிட்டுப் போனாலும், தேங்கியது வடிய மூன்று நான்கு நாட்கள்கூட ஆகும். பல குடியிருப்புகளில் சண்டை மூள்வது இந்த ஒரு விவரம் தெரியாததால்தான்.

சொட்டும் விதத்தை முதலில் கவனியுங்கள். இரவு பகல் எந்நேரமும் ஒரே வேகத்தில் சொட்டினால், எப்போதும் தண்ணீர் நிற்கும் சப்ளை குழாயில் குற்றம் இருக்கலாம். காலையில் அவர்கள் குளித்த பிறகு கூடி, மாலையில் குறைந்தால் கழிவுக் குழாயோ டைல்ஸ் இணைப்போ காரணமாக இருக்கும். அடுத்து, மாமாவின் சம்மதத்தோடு, அவர்கள் ஊருக்குப் போகும் ஒரு வாரத்தில் அந்தக் குளியலறை வால்வை மூடி வையுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகும் குறையவே இல்லை என்றால் வேறு இடத்தில் தேடவேண்டும். நின்றுவிட்டால், அவர்கள் திரும்பிய பிறகு நானி டிராப்பின் (தரையில் நீர் வடியும் துளையின்) வாயைப் பாலிதீன் சுற்றிய துணியால் அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் அப்படியே விடுங்கள். கீழே நிறம் இறங்கினால் தளமும் டைல்ஸ் இணைப்புகளும்தான் வழி. இணைப்புகளைச் சுரண்டி எபாக்சி கிரவுட் அடைத்துப் பார்த்தால் பல சமயம் உடைக்காமலே தீர்ந்துவிடும். செங்கல் துண்டுகள் நிறத்தை ஓரளவு உறிஞ்சிவிடும் என்பதால், நிறமின்றிச் சொட்டு மட்டும் கூடினாலும் அதையே விடையாகக் கொள்ளலாம்.

கீழிருந்து அடிக்கும் பெயின்ட்டைப் பொறுத்தவரை, நீரை மேலேயிருந்து தடுக்காமல் கீழே அடைத்தால், அது பக்கவாட்டில் ஓடி விளக்குப் பாயின்ட்டைத் தேடிப் போகும். உங்கள் குளியலறைக் கூரை விளக்கை இப்போதைக்கு இணைப்பிலிருந்து நீக்கி வையுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுப் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்க இருக்கிறோம். பத்திரங்களை வழக்கறிஞர் பார்த்துவிட்டார். கட்டடத்தில் நாங்களே என்ன பார்க்கலாம்?
– வாசகி, வேளச்சேரி

பதில்: தரகரோடு ஞாயிறு காலையில் போவதோடு, அவர் இல்லாமல் மழை நாளில் ஒருமுறையும் போங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். விற்பவரைவிட அவர் துல்லியமாகச் சொல்வார். மின் மீட்டர் பலகை அந்த அளவுக்கு மேலே இருக்கிறதா, சம்ப்பின் மூடி தரைமட்டத்திலிருந்து உயர்ந்திருக்கிறதா, கழிவுநீர்த் தொட்டி சம்ப்புக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பனவற்றைப் பாருங்கள். வீட்டுக்குள் ஒரு சுவருக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால், அதன் மறுபக்கம் என்ன அறை என்று கேளுங்கள். பெரும்பாலும் குளியலறையாக இருக்கும். சமையலறைத் தொட்டியின் கீழ் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நிலைப்படியின் அடியில் பென்சில் கோடு போன்ற மண் தடம் தெரிந்தால் கரையான். விரல் நகத்தால் சுரண்டினால் உள்ளே ஓட்டம் தெரியும்.

சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் சாய்வாக இறங்கும் விரிசல் இருந்தால், பொறியாளர் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவேண்டாம். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக ஓடும் மெல்லிய கோடு அத்தனை கவலைக்கு உரியதன்று. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநர் தம் செலவில் சரிசெய்யவேண்டிய காலம், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள்தான். நீங்கள் வாங்கும் ஃபிளாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கேள்வி: மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கூரை போட்ட எங்கள் பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டின் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஒன்று முளைத்திருக்கிறது. அரச மரத்தை வெட்டக்கூடாது என்று மாமியார் தடுக்கிறார். ஒரு முழம்தான் இருக்கிறது, மழை முடிந்து பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: வெளியே ஒரு முழம் என்றால், உள்ளே சுண்ணாம்புக் காரைக்குள் வேர் அதைவிட நீளமாகப் போயிருக்கும். மழைக்காலத்தில்தான் அது விறுவிறுவென்று வளரும். வேர் திறந்த வழியே நீர் இறங்கி, தேக்கு உத்திரங்கள் சுவருக்குள் செருகியிருக்கும் முனைகளை நனைக்கும். அந்த முனைகள்தான் முதலில் இற்றுப்போகும். அறைக்குள் நின்று, உத்திரம் சுவரைத் தொடும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். எளிதில் இறங்கினால் உடனே தச்சரையும் பொறியாளரையும் அழைக்கவேண்டும்.

கன்றை மேலோடு ஒடித்தால் மறுபடியும் தழைக்கும். சுற்றிலும் இரண்டு மூன்று செங்கற்களை நோகாமல் பெயர்த்து, வேரோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சிமென்ட்டால் அல்லாமல் பழைய முறைப்படி சுண்ணாம்புக் கலவையாலேயே கட்டச் சொல்லுங்கள். வேரோடு எடுத்த கன்றைத் தொட்டி மண்ணில் வைத்து மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். கோயில் நந்தவனத்தில் இடம் கேட்கும் பொறுப்பை அவரே மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்.