பதில்: ஒப்பந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் என்று எப்படிக் கணக்கிடுவது?

அமெரிக்க ராணுவத் தள ஒப்பந்த அலுவலகத்தில், போன வருட ஒப்பந்த நடவடிக்கைகளைத் தலைக்கு இத்தனை என்று வகுத்து ஆள் கேட்டதாகவும், மேலதிகாரி ஏற்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் தயங்கியதில் நியாயம் இருக்கிறது.

ஏற்கெனவே உள்ள ஒப்பந்தத்தில் நிதி சேர்க்கும் ஒரு சின்னத் திருத்தம் அரை நாளில் முடிந்துவிடும். பல நிறுவனங்கள் போட்டியிடும் ஒரு பெரிய சேவை ஒப்பந்தமோ மாதக்கணக்கில் இழுக்கும். கணினிப் பதிவில் இரண்டும் தலா ஒன்றுதான்! டாலர் மதிப்பை எடுத்தாலும் இதே கோளாறு.

அதனால் வேலையை வகை பிரியுங்கள். ஒவ்வொரு வகைக்கும் எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று அந்த வேலையைச் செய்பவர்களிடமே கேளுங்கள். சராசரியை நம்பாதீர்கள், நடுமதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எடுங்கள். புகார் கிளம்பிய ஒரே ஒரு டெண்டர் சராசரியைத் தூக்கிவிடும். கையெழுத்துக்குப் பிந்தைய கண்காணிப்பு, பில் தகராறு, பழைய கோப்புகளை மூடுவது எல்லாம் எண்ணிக்கையில் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் ஆளைத் தின்னும்.

அப்புறம், மொத்த மணியை ஆள் கணக்காக வகுக்கும்போது ஒருவருக்கு வருடத்துக்கு 2,080 மணி (வாரம் 40 மணி, 52 வாரம்) என்று அப்படியே போடாதீர்கள். விடுப்பு, பயிற்சி, சீருடையில் இருப்பவர்களின் வெளிநாட்டுப் பணி எல்லாம் கழியும்.

நிதியாண்டு செப்டம்பர் 30-ல் முடிவதால் கடைசி மாதங்களில் நெரிசல். அதைத் தனியாக மாதவாரியாகக் காட்டுங்கள். உச்ச மாதத்துக்கு நிரந்தர ஆள் கேட்டால் வெட்டிவிடுவார்கள்.

2007-ல் அமெரிக்கத் தரைப்படையின் ஒப்பந்த முறையை ஆராய்ந்த கான்ஸ்லர் குழு, அதன் ஒப்பந்தப் பணிக்குக் கூடுதலாக 1,400 பேர் கேட்டது. பின்னணிக்கு அதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.