‘படிச்சது நிக்க மாட்டேங்குதும்மா’

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். பத்தாம் வகுப்பில் 463 மார்க் எடுத்தவன், இந்தக் காலாண்டில் மூன்று பாடத்தில் பெயில். கேட்டால், ‘படிச்சது நிக்க மாட்டேங்குதும்மா’ என்கிறான். போன மாதம் துவைக்கப் போட்ட பேண்ட் பாக்கெட்டில் கஞ்சாப் பொட்டலம் இருந்தது. ஒரு வருஷமாகவே பழக்கமாம், இப்போது தினமும். மூளை கெட்டுப்போய்விட்டதா டாக்டர்? ஞாபகசக்திக்கு மாத்திரை கொடுக்கலாமா? ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமா? அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. (என் தம்பி பல வருஷமாக மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். இதற்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.)
- ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் மகன் பொய் சொல்லவில்லை, அம்மா. நடப்பதைச் சரியாகவே சொல்லியிருக்கிறான்.

இப்படி வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் ஒரு சின்ன சோதனை செய்வேன். மாங்காய், குடை, ஏணி, தபால் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 15 வார்த்தைகளை நிதானமாக வாசித்துவிட்டு, நினைவில் இருப்பதைச் சொல்லச் சொல்வேன். அதே பட்டியலை ஐந்து முறை வாசிப்பேன். சாதாரணமாக இந்த வயதுப் பிள்ளை முதல் தடவை ஆறேழு வார்த்தை சொல்லும். ஐந்தாவது தடவை பன்னிரண்டைத் தொட்டுவிடும். தினமும் கஞ்சா இழுக்கும் பையன்களில் பலர் எட்டு, ஒன்பதிலேயே நின்றுவிடுவார்கள். அதே பையனிடம் மூன்றாம் வகுப்பு டீச்சர் பேரைக் கேளுங்கள், டக்கென்று சொல்வான். கிடங்கில் இருக்கிற பழைய சரக்கு பத்திரமாகத்தான் இருக்கிறது. புதுச் சரக்கு இறக்கும் இடத்தில்தான் தகராறு.

அந்த இடத்துக்கு ஹிப்போகேம்பஸ் என்று பெயர். காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கஞ்சாவைப் போலவே வேலை செய்யும் ஒரு ரசாயனத்தை நம் மூளையே தயாரிக்கிறது. 1992-இல் ஜெருசலேமில் அதைக் கண்டுபிடித்தவர்கள் ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள், நம் ஆனந்தம்தான். நரம்புகள் பேசிக்கொள்ளும் சத்தத்தை வேண்டிய இடத்தில் கொஞ்சம் குறைப்பது அதன் வேலை. வேலை முடிந்ததும் சீக்கிரமே கரைந்துபோய்விடும். கஞ்சாவில் இருக்கும் போதைப்பொருளான டி.எச்.சி., ஆனந்தமைடு சாவிபோலப் பொருந்தும் அதே நரம்புப் பூட்டுகளில் போய் உட்கார்ந்துகொண்டு மணிக்கணக்கில் எழுந்திருக்காது. அந்தப் பூட்டுகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் ஹிப்போகேம்பஸும் ஒன்று. அப்புறம் பாடம் எப்படி ஏறும்?

சரி, 40 வயதுக்காரர் இழுத்தாலும் இதே கதைதானே என்று கேட்கலாம். அவர் மூளை கட்டி முடித்த வீடு. உங்கள் மகனுடையதில் இன்னும் கொத்தனார் வேலை நடக்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள, யோசித்து முடிவெடுக்கும் பகுதி முதிர ஏறக்குறைய 25 வயது ஆகும். வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கழித்து வேண்டியவற்றைப் பலப்படுத்தும் வேலை இந்த வயதில்தான் மும்முரம். அதில் ஆனந்தமைடுக்கும் பங்கு உண்டு.

ஞாபகம் திரும்புமா? பெரும்பகுதி திரும்பும் என்றே நினைக்கிறேன். 16 முதல் 25 வயது வரையிலான கஞ்சாப் பழக்கக்காரர்களை ஒரு மாதம் நிறுத்தச் சொல்லிப் பார்த்த பாஸ்டன் ஆய்வு 2018-இல் வந்தது. புதிய வார்த்தைகளைக் கற்கும் திறன் கூடியது, அதுவும் முதல் வாரத்திலேயே பெரும்பகுதி. மறுபக்கம், நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரம் பேரை 38 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். பதின்வயதில் தொடங்கி வருடக்கணக்கில் விடாதவர்களுக்கு ஐ.க்யூ. சுமார் 8 புள்ளி குறைந்திருந்தது; பிறகு விட்டவர்களுக்கும் முழுசாகத் திரும்பவில்லை. இரட்டையர்களை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வோ, குறைவுக்குக் கஞ்சாவைவிடக் குடும்பச் சூழல்தான் காரணமாக இருக்கலாம் என்றது. அந்தச் சண்டை நடக்கட்டும். உங்கள் மகன் கணக்கில் இருப்பது ஒரு வருஷம், இருபது வருஷம் அல்ல.

உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடைப்புக்குறிக்குள் இருந்த வரிதான். சம்பந்தம் இருக்கிறது, அம்மா. சுவீடனில் ராணுவத்துக்குச் சேர்ந்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பல வருஷம் கவனித்தபோது, 18 வயதுக்குள் அதிகமாகக் கஞ்சா பிடித்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் மற்றவர்களைவிட ஆறு மடங்கு வந்திருந்தது. எல்லாருக்கும் வந்துவிடாது. ஆனால் தாய்மாமனுக்கு மனநோய் இருக்கிற பையன் இதில் விளையாடக் கூடாது. தனியாகச் சிரிப்பது, யாரோ பின்தொடர்வதாகச் சொல்வது, காதில் குரல் கேட்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். தம்பி சாப்பிடும் மருந்தின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள்.

ஞாபகசக்தி மாத்திரை வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள். வல்லாரைத் துவையல் ருசிக்குச் சாப்பிடலாம்.

நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, விசித்திரமான கனவுகள் வரும்; முதல் வாரம்தான் மோசம், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, டி.எச்.சி. கொழுப்பில் தங்கும். தினமும் இழுத்தவன் விட்டுப் பல வாரம் ஆன பிறகும் சிறுநீர்ச் சோதனையில் அது காட்டலாம். அதை வைத்து ‘திருட்டுத்தனமா இழுக்கிறியா’ என்று பாயாதீர்கள்.

முழங்கையின் உட்புறத்தையும் ஒரு தடவை பாருங்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் நம் ஊர்ப் பையன்களிடம் பரவியிருக்கிறது. அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். ஊசித் தழும்பு இருந்தால் தள்ளிப்போடாமல் உடனே கூட்டிப்போங்கள்.

போலீஸ் பயம் வேண்டாம். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு சிக்கியவர்கூடத் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முழுசாக எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. வைத்தியத்துக்கு வந்தவனை மருத்துவர் பிடித்துக் கொடுக்கப் போவதுமில்லை. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். கிளம்பும் முன் பேசிப் பார்க்க 14416 (அரசின் டெலி மானஸ் மனநல உதவி) என்ற எண் இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். ஆளைப் பூட்டிவைக்கும் ‘மறுவாழ்வு’ இல்லங்களில் 16 வயதுப் பிள்ளையை விடாதீர்கள். அவன் அப்பாவிடம், முதல் தடவை மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். அப்போது அவர் அடிக்கக் கை ஓங்குவதற்குப் பதில் கேள்வி கேட்பார்.

உள்ளே போனதும் பையனைப் பத்து நிமிஷம் மருத்துவரோடு தனியாக விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்காருங்கள். உங்களிடம் ‘தினமும்’ என்றது அங்கே ‘நாளைக்கு மூணு தடவை’ ஆகலாம். வைத்தியத்துக்கு அந்தக் கணக்குதான் வேண்டும்.